விபத்தில் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு என்ன உரிமை? இழப்பீட்டுக் கணக்கு, எளிமையாக

"லாரி மேலதான் தப்பு, டிரைவரை உள்ளே வெச்சுட்டாங்க. அப்புறம் எதுக்கு இன்னொரு கேஸ்?" சாலை விபத்தில் ஒருவரைப் பறிகொடுத்த வீட்டில், காரியம் முடிவதற்குள் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிவிடுவார். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர், "உயிருக்கு அம்பது லட்சம் தர்றாங்களாம்" என்பார். மூன்றாமவர், "எல்.ஐ.சி. பணம் வந்தா இது கிடைக்காது" என்று முடித்துவைப்பார். மூன்றுமே தவறு. மூன்றையும் நம்பிப் பணத்தை விட்ட குடும்பங்கள் நிறைய.

இன்னொருவரின் தவறால் ஒருவர் இறந்தால், அவரை நம்பியிருந்தவர்கள் இழப்பீடு கேட்க இந்தியச் சட்டம் பல வழிகளைத் தருகிறது. அவற்றில் அதிகம் பயன்படுவதும் கணக்கு தெளிவாக வகுக்கப்பட்டிருப்பதும் சாலை விபத்துக்கான வழி. அதனால் இங்கே பெரும்பகுதி அதைப் பற்றித்தான். ரயில், மின்சாரம், மருத்துவமனை எல்லாம் கடைசியில் கொஞ்சம் வரும்.

தண்டனை வேறு, இழப்பீடு வேறு

ஒரு குடும்பம் ஒரே ஒரு வீட்டின் வாடகையை நம்பி வாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். தறிகெட்டு வந்த லாரி மோதி அந்த வீடு இடிந்துபோகிறது. போலீஸ் வழக்குப் போடும். கோர்ட் டிரைவருக்குச் சிறையோ அபராதமோ விதிக்கும். பொதுவாக அந்த அபராதம் போவது அரசாங்கக் கஜானாவுக்கு. அடுத்த மாத வாடகை? அதைக் குடும்பம்தான் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்பது செங்கல்லுக்கு விலை அல்ல, வந்துகொண்டிருந்து நின்றுபோன வருமானம்.

மரணத்திலும் இதே இரட்டைத் தடம்தான். போலீஸ் போடுவது குற்றவியல் வழக்கு: கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு. அதில் வாதி அரசு, குடும்பம் வெறும் சாட்சி. இழப்பீடு கேட்கும் மனு வேறு இடத்துக்குப் போகிறது. அந்த இடத்தின் பெயர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இந்த மனுக்கள் நடக்கின்றன. மற்ற ஊர்களில் மாவட்ட நீதிபதியோ சார்பு நீதிபதியோ விசாரிப்பார். கோர்ட் வளாகத்தில் இந்த மனுவை 'எம்.சி.ஓ.பி.' என்பார்கள். குடும்பம்தான் இங்கே மனுதாரர்.

இரண்டுக்கும் நிரூபிக்க வேண்டிய அளவும் வேறு. ஒருவரைச் சிறைக்கு அனுப்பச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்துக்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டு கதைகளில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று தெரிந்தால் போதும். அதனால் டிரைவர் விடுதலையாகிவிட்டார் என்பதற்காக இழப்பீடு போய்விடாது. டிரைவருக்குத் தண்டனை கிடைத்தது என்பதற்காக இழப்பீடு தானாக வீடு தேடி வரவும் செய்யாது.

கவனக்குறைவு என்ற சொல்லுக்குச் சட்டத்தில் பொருள் எளிது: அந்த இடத்தில் ஒரு சாதாரண, பொறுப்புள்ள மனிதர் எடுத்திருக்கும் கவனத்தை எடுக்காதது. எஃப்.ஐ.ஆரில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து' என்று ஒரு வரி கிட்டத்தட்ட அச்சடித்தது போல இருக்கும். எழுதும் ஏட்டுக்கு அது பழகிப்போன வாசகம். குடும்பத்துக்கோ வழக்கின் முதல் செங்கல். அது யாரைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது என்று அன்றைக்கே படித்துப் பார்ப்பது நல்லது. சில சமயம் இறந்தவர் பெயரே அங்கே இருக்கும்.

இப்படி ஒரு உரிமை ஒரு காலத்தில் இருந்ததே இல்லை என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். 1808-இல் இங்கிலாந்தில் ஒரு குதிரைக் கோச் கவிழ்ந்து மனைவியை இழந்தவர் வழக்குப் போட்டார். ஒரு மனிதரின் மரணத்தை உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டமாகக் கொண்டுவர முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். மனைவி உயிரோடு இருந்த கடைசி நாட்கள் வரைக்குமான இழப்புக்குத்தான் கணக்கு. அதற்குப் பிறகு பூஜ்யம். காயப்படுத்தினால் பணம் தர வேண்டும், கொன்றுவிட்டால் தர வேண்டாம் என்பதுதான் இதன் விளைவு. ரயில் வந்து சாவுகள் பெருகிய பிறகு, 1846-இல் அங்கே சட்டம் மாறியது. அதன் வழியில் இந்தியாவில் 1855-இல் மரண விபத்துச் சட்டம் வந்தது. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

சுருக்கமாக: போலீஸ் வழக்கு தவறு செய்தவரைப் பற்றியது, இழப்பீட்டு மனு பின்னால் நிற்பவர்களைப் பற்றியது. ஒன்று முடியட்டும் என்று மற்றொன்று காத்திருக்கத் தேவையில்லை.

யார் கேட்கலாம்?

மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவு, இறந்தவரின் சட்டப் பிரதிநிதிகள் மனுச் செய்யலாம் என்கிறது. சட்டப் பிரதிநிதி என்றால், அவர் போனதால் வாழ்வில் இழப்பு ஏற்பட்டு, அவர் இடத்தில் நின்று கேட்கக்கூடியவர். தாலுகா ஆபீஸ் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் பெயர் இருப்பவர்கள் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சான்றிதழைக் கேட்பார்கள்தான். ஆனால் வட்டம் அதைவிடப் பெரியது. இறந்தவரின் சகோதரர் கேட்கலாம் என்று 1987-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. மருமகனோடு வாழ்ந்து அவரை நம்பியிருந்த மாமியாருக்கும் உரிமை உண்டு என்று 2021-இல் சொன்னது. கல்யாணமாகிப் போன மகளும் வேலைக்குப் போகும் மகனும் மனுச் செய்யலாம். எவ்வளவு சார்ந்திருந்தார்கள் என்பதைப் பொறுத்துத் தொகை கூடும், குறையும். மனைவி பிறகு மறுமணம் செய்துகொண்டாலும் அவர் உரிமை அழியாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 'அவதான் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டாளே' என்று பங்காளிகள் சொல்வது சட்டம் அல்ல.

மனு எல்லோருக்குமாக ஒன்றுதான். யாராவது ஒருவர் சேர மறுத்தால் அவரை எதிர்மனுதாரர் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள், விட்டுவிட மாட்டார்கள். பணத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பதும் தீர்ப்பாயம்தான். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால் அவர்கள் பங்கு, 18 வயது ஆகும்வரை, வங்கி வைப்பில் போடப்படும்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

இங்கேதான் வதந்தி அதிகம். நீதிபதி பார்த்துக் கொடுப்பதுதான் என்றால் பாதி சரி. ஒரே மாதிரி வழக்குகளில் ஆளுக்கொரு தொகை வந்துகொண்டிருந்ததால், 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பட்டியலைத் தந்தது. 2017-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு பிரணய் சேத்தி வழக்கில் அதை உறுதிசெய்து, மிச்சத்தையும் ஒழுங்குபடுத்தியது. வக்கீல் வாயில் இந்த இரண்டு பெயர்களும் அடிக்கடி வரும்.

ஒரு ஏசி மெக்கானிக்கை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான். வயது 34. சொந்தத் தொழில், மாதம் 24,000 ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா.

முதலில், அவர் உயிரோடு இருந்திருந்தால் வருமானம் இதே அளவில் நின்றிருக்குமா? வாடகை ஏறுவது போல இதுவும் ஏறியிருக்கும். இதை வருங்கால உயர்வு என்பார்கள். சொந்தத் தொழில் செய்பவருக்கும் தொகுப்புச் சம்பளக்காரருக்கும் 40 வயதுக்குக் கீழே என்றால் 40 சதவீதம், 40 முதல் 50 வரை 25, 50 முதல் 60 வரை 10. நிரந்தர வேலையில் இருந்தவருக்கு இதே வரிசையில் 50, 30, 15. நம் மெக்கானிக்குக்கு 24,000-உடன் 9,600 சேர்த்து 33,600.

அடுத்தது கழிவு. வாடகையில் ஒரு பகுதி அந்த வீட்டின் பராமரிப்புக்கே போகும் அல்லவா, அதுபோல அவர் தனக்காகச் செலவழித்திருக்கும் பகுதி குடும்பத்துக்கு வந்திருக்காது. நம்பியிருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கும், நான்கு முதல் ஆறு பேர் என்றால் நான்கில் ஒரு பங்கும், அதற்கு மேல் என்றால் ஐந்தில் ஒரு பங்கும் கழிப்பார்கள். கல்யாணமாகாதவர் என்றால் பொதுவாகப் பாதி. இங்கே நான்கு பேர். 8,400 போக 25,200. ஆண்டுக்கு 3,02,400.

இதை எத்தனை ஆண்டுகளுக்குத் தருவது? 60 வயது வரை 26 ஆண்டு இருக்கிறதே, 26-ஆல் பெருக்க வேண்டியதுதானே என்று தோன்றும். அப்படிச் செய்வதில்லை. 26 ஆண்டு வாடகையை இன்றைக்கே மொத்தமாகக் கையில் கொடுத்தால், வாங்கியவர் அதை வங்கியில் போட்டு வட்டியும் வாங்குவார், கணக்கு மிஞ்சிவிடும். அதனால் வட்டியும் அசலும் சேர்ந்து அந்தக் காலம் முழுக்கத் தாங்கும் அளவுக்குக் குறைத்த ஒரு எண்ணால் பெருக்குகிறார்கள். அதன் பெயர் பெருக்கெண். வயது 15 முதல் 25 வரை 18, 26 முதல் 30 வரை 17, 31 முதல் 35 வரை 16 என்று இறங்கி, 65-க்கு மேல் 5-இல் நிற்கும். பார்ப்பது இறந்தவரின் வயது. கல்யாணமாகாத பையன் இறந்தால் அப்பா அம்மா வயதை வைத்துக் குறைத்துக்கொண்டிருந்த வழக்கம் இப்போது இல்லை. நம் மெக்கானிக்குக்கு 3,02,400-ஐ 16-ஆல் பெருக்க, 48,38,400.

கடைசியாக, வாடகைக் கணக்கில் சேராத ஒன்று. வீடு போனால் வருமானம் போகும். மனிதர் போனால் துணையும் போகிறது. மனைவிக்குக் கணவன், பிள்ளைக்கு அப்பா, தாய்க்கு மகன் இல்லாமல் போனதற்கு, துணை இழப்பு என்ற தலைப்பில் 2017 தீர்ப்பின்படி 40,000 ரூபாய். மனைவிக்கு மட்டும் என்று இருந்ததைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் 2018-இல் விரித்தார்கள். நான்கு பேருக்கு 1,60,000. ஈமச்சடங்குக்கு 15,000, அவர் சேர்த்துவைத்திருக்கக்கூடிய சொத்து இல்லாமல் போனதற்கு, அதாவது சொத்துச் சேர்ப்பு இழப்புக்கு 15,000. மொத்தம் 50,28,400. இந்தச் சிறு தொகைகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறும் என்று அதே தீர்ப்பு சொல்வதால், இன்றைய தொகை இதைவிடக் கொஞ்சம் கூடும். ஒரு தாய்க்கு மகன் போனதற்கு 40,000 என்று தாளில் பார்க்கும்போது கோபம் வரும். வர வேண்டியதுதான். அது அன்புக்கு விலை அல்ல, ஒரு அடையாளத் தொகை என்பதற்கு மேல் எனக்கும் சமாதானம் கிடையாது.

மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு. தமிழ்நாட்டுத் தீர்ப்புகளில் 7.5 சதவீதம் அடிக்கடி கண்ணில் படும். மனுவில் கேட்டதைவிட அதிகம் கொடுக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

சுருக்கமாக: வருமானம், அதில் உயர்வைக் கூட்டு, சொந்தச் செலவைக் கழி, வயதுக்கான எண்ணால் பெருக்கு, துணை இழப்பைச் சேர். 'உயிருக்கு அம்பது லட்சம்' என்று எந்த நிலையான விலையும் கிடையாது.

இழுபறி நடக்கும் இடங்கள்

வருமானம்தான் முதல் போர்க்களம். சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ இருந்தால் பிரச்சினை இல்லை. கொத்தனாருக்கும் பெயின்டருக்கும் அது எங்கே இருக்கும்? சான்று இல்லை என்பதற்காக வருமானமே இல்லை என்று ஆகிவிடாது. குறைந்தபட்சக் கூலியை ஒரு அளவுகோலாக எடுப்பார்கள். அதுவே உச்சவரம்பு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது. வங்கிக் கணக்கில் வந்த பணம், ஜி.பே. வரவுகள், வேலை கொடுத்தவரின் சாட்சியம் எல்லாம் இங்கே பேசும்.

சம்பளத்துக்குப் போகாத மனைவி இறந்தால்? 'சும்மா வீட்டிலதான் இருந்தாங்க' என்று காப்பீட்டு நிறுவன வக்கீல் தரப்பில் சொல்லிப் பார்ப்பார்கள். சமைத்தது, பிள்ளை வளர்த்தது, முதியோரைப் பார்த்துக்கொண்டது எல்லாவற்றுக்கும் பண மதிப்பு உண்டு, அதற்கும் ஒரு வருமானம் கணக்கில் எடுக்க வேண்டும், வருங்கால உயர்வும் சேர்க்கலாம் என்பது 2021 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

அடுத்து, இறந்தவர் மேலும் தப்பு இருந்தால். இதற்குப் பங்களிப்புக் கவனக்குறைவு என்று பெயர். 25 சதவீதம் அவர் தப்பு என்றால் தொகையில் 25 சதவீதம் கழியும். நம் கணக்கில் 50,28,400 என்பது 37,71,300 ஆகும். ஆனால் விதிமீறல் என்றாலே இது வந்துவிடாது. பைக்கில் மூன்று பேர் போனது விதிமீறல்தான்; அது விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்தால்தான் கழிக்க முடியும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. முழுக்க அவரே ஓட்டிப்போய் மரத்தில் மோதியிருந்தால் கேட்பதற்கு எதிராளி இல்லை. அப்போது பார்க்க வேண்டியது, பாலிசியில் வண்டி உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்பதை.

எல்.ஐ.சி. பணம்? அது அவர் கட்டிய பிரீமியத்துக்கு வந்தது. லாரிக்காரர் தர வேண்டியதில் அதைக் கழிக்கக் கூடாது என்று 1990-களிலேயே தீர்ந்துபோன கேள்வி இது. முதலமைச்சர் பொது நிவாரண நிதியிலிருந்து ஒரு தொகை வந்தாலும் மனு போடும் உரிமை அப்படியே இருக்கும். அது உதவி, இது உரிமை.

பணம் யார் தருவது?

வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதாவது, இந்த வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீடு. பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம்தான் காசு கொடுக்கும். ஓட்டுநர், உரிமையாளர், நிறுவனம் மூன்று பேரும் எதிர்மனுதாரர்கள். ஓட்டுநருக்கு லைசென்ஸ் இல்லை என்று நிறுவனம் கை விரிக்கப் பார்த்தால், பல வழக்குகளில் 'முதலில் குடும்பத்துக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்' என்று தீர்ப்பாயம் உத்தரவிடும். 'பே அண்ட் ரெகவர்' என்று இதைத்தான் சொல்கிறார்கள். காப்பீடே இல்லாத வண்டி என்றால் உரிமையாளரின் சொத்தைத்தான் துரத்த வேண்டும், அது நீண்ட கதை.

அரசுப் பேருந்து என்றால் போக்குவரத்துக் கழகமே தர வேண்டும். தராமல் இழுத்தால் என்ன ஆகும் என்பதை நாம் பேப்பரில் பார்த்திருக்கிறோம்: கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டுவார், பயணிகள் இறங்கி அடுத்த பஸ்ஸைத் தேடுவார்கள். 'அரசு பஸ் ஜப்தி' என்ற அந்தச் சின்னச் செய்திக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு குடும்பம்தான் இருக்கிறது.

இடித்துவிட்டு நிற்காமல் போன, அடையாளமே தெரியாத வண்டி என்றால் தீர்ப்பாயம் அல்ல, 161-ஆம் பிரிவின் திட்டம். மரணத்துக்கு 2 லட்சம். மனு வருவாய்த் துறை அதிகாரிக்குப் போகும். பின்னால் வண்டி கண்டுபிடிக்கப்பட்டு இழப்பீடு கிடைத்தால் இந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

கெடுவும் ஒரு கண்ணியும்

2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடு திரும்ப வந்திருக்கிறது. இந்தக் கெடு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். மனுப் போட்ட நாளிலிருந்துதான் வட்டி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தாமதம் எப்படியும் நஷ்டம். விபத்து வேறு ஊரில் நடந்திருந்தாலும், குடும்பம் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம்.

கண்ணி இதுதான். 164-ஆம் பிரிவின்படி, யார் தப்பு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம் கேட்கலாம். தப்பை நிரூபிக்க வழியே இல்லாத குடும்பத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் இருக்கும் மற்ற மனு காலாவதியாகிவிடும். நம் மெக்கானிக்கின் குடும்பம் அவசரத்தில் 5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டால், 50 லட்சத்துக்கான கதவு சாத்திக்கொள்ளும்.

சாலைக்கு வெளியே

ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தால் ரயில்வே உரிமைத் தீர்ப்பாயம். தொகை 8 லட்சம், கெடு ஓராண்டு. ரயில்வே தப்பை நிரூபிக்கத் தேவையில்லை. தற்கொலை, போதை, தானே செய்த குற்றச்செயல் என்றால் கிடைக்காது. வேலையிடத்தில் வேலை தொடர்பாக இறந்தால் தொழிலாளர் இழப்பீட்டு வழி இருக்கிறது, அங்கும் முதலாளி தப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது வண்டி மோதி இறந்தவர் குடும்பம் இந்த வழியோ மோட்டார் வழியோ ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். மருத்துவமனையின் அலட்சியம் என்றால் நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டுக்குள். அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து இறந்தால், ஆபத்தான பொருளைக் கையாள்பவர் என்ற முறையில் மின்வாரியமே பொறுப்பு, கவனக்குறைவு இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவற்றில் எதிலும் அடங்காத மரணங்களுக்கு அந்த 1855 சட்டம் இருக்கிறது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்காக மட்டும், இரண்டு ஆண்டுக்குள்.

கையெழுத்துப் போடும் முன்

ஆஸ்பத்திரி வாசலிலேயே விசிட்டிங் கார்டு நீட்டுபவர்கள் உண்டு. 'இப்ப ஒண்ணும் தர வேண்டாம், வர்றதுல இருபது பர்சன்ட்' என்பார்கள். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகளே தடைசெய்கின்றன. வெற்றுத்தாளில் கையெழுத்தும், கையெழுத்திட்ட காசோலையும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அநேகமாக அதே கோர்ட் வளாகத்தில்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்: எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வயதுக்கும் வருமானத்துக்குமான சான்று. வண்டியின் பாலிசி விவரத்தைப் போலீஸ் தாக்கல் செய்யும் விபத்து அறிக்கையிலிருந்து எடுக்கலாம். அந்த அறிக்கையையே மனுவாக ஏற்கவும் சட்டம் இடம் தருகிறது.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாமா என்று கேட்பார்கள். பேசலாம், பணம் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயத்தின் தொகை போதாது என்றால் 90 நாளில் உயர் நீதிமன்றம் போகலாம். அதனால் சமரச மேசையில் உட்காரும் முன் மேலே உள்ள கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் தொகை அதற்கு எவ்வளவு கீழே இருக்கிறது, வழக்கு இன்னும் எத்தனை வருடம் இழுக்கும் என்று வக்கீலிடம் நேராகக் கேளுங்கள். பதிலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.